கூட்டிக்கொள்ள வேண்டிய ஒரு மீட்டர்

எங்கள் மினுமுலங்கா துறையில் ஆற்று மட்டம் காட்டுகிற தூணில் எட்டு மீட்டர் என்று இருந்தால் ஒன்பது என்று அர்த்தம். ஒன்பது என்றால் பத்து. இதை யாரும் எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பதின்மூன்று வருஷமாக அந்தத் தூணோடு குடித்தனம் பண்ணுகிறோம், தெரியாமல் போகுமா?

கோதாவரி இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேருவதற்குள் நடுவில் விட்டுவைத்த மண் எங்கள் ஊர். முந்நூறு வீடு, உளுந்து, வாழை, கொஞ்சம் தென்னை. படகை விட்டால் வெளியே போக வழி கிடையாது. துறைப் படிக்கட்டு முடிகிற இடத்தில்தான் என் கடை. காலையில் பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசையும் உப்மாவும், மற்ற நேரம் டீ. கடையில் உட்கார்ந்தபடியே தூணின் நம்பரைப் படிக்கலாம். கண்ணாடி போடாமலே படிப்பேன்.

முன்பு ஒரு கல்தூண் இருந்தது. பெரிய வெள்ளம் ஒன்று அதைப் பாதிப் படிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. புதுத் தூண் நட ஒரு காண்டிராக்டரின் ஆட்கள் பங்குனி வெயிலில் வந்தார்கள். பள்ளம் தோண்டினால் அடியில் பழைய படித்துறையின் கருங்கல் தட்டியது. இன்னும் ஒரு மீட்டர் உடைத்து இறக்க வேண்டும். இரண்டு நாள் கடப்பாரையால் இடித்தார்கள், என் கடையில் பெசரட்டு தின்றார்கள், மூன்றாம் நாள் அந்தக் கல்லின் மேலேயே தூணை நிறுத்தி சிமெண்டைப் பூசிவிட்டுப் படகு ஏறிப்போனார்கள். தூண் ஒரு மீட்டர் மேலே நின்றுவிட்டதால் அதில் தெரிகிற நம்பர் ஒரு மீட்டர் குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வருஷ வெள்ளத்திலேயே அதைக் கண்டுபிடித்தவன் முத்யாலு. ஆற்று மட்டம் பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை. காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு தடவை, தூணில் தண்ணீர் எந்த நம்பரைத் தொடுகிறது என்று பார்த்து அக்கரை ஆபீஸில் இருக்கிற உதவி எஞ்சினியருக்கு, அதாவது ஏ.ஈ.க்கு, போனில் சொல்ல வேண்டும். சித்திரையில் தூணுக்கு வெள்ளையடித்து நம்பரைக் கறுப்பில் புதுப்பிக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாகத் தற்காலிக ஊழியன். எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு மரியாதையாக 'ஆய்' என்போம், ஆமாங்க, சரிங்க எல்லாம் அதற்குள் அடக்கம். முத்யாலு அதைப் படகுக்காரனிடம்கூடச் சொல்வான். அப்படிப்பட்ட ஆள்.

கோயில் சுவரில் பழைய ஒன்பது மீட்டர் கோடு முழுகுகிறது, தூண் எட்டு என்கிறதே என்று அவன் அப்போதைய ஏ.ஈ.யிடம் போய்ச் சொன்னான். அவர் தன் மேலதிகாரியிடம் சொன்னார். மேலதிகாரி தூண் சரியாக நிற்கிறது என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்து ஆன தூணை யார் பிடுங்குவது? "ஒண்ணு கூட்டி எழுதிக்கச் சொல்லு" என்று வாயால் உத்தரவு வந்தது. அன்றிலிருந்து ஏ.ஈ.க்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போகிறவர் வருகிறவரிடம் பீரோ சாவியைக் கொடுப்பார், பதிவேடுகளைக் கொடுப்பார், கடைசியில் "மினுமுலங்காவுல முத்யாலு ஒண்ணு கூட்டித்தான் சொல்லுவான், அதுதான் சரி" என்பார். அந்த ஆபீஸில் ஆயிரம் வேலை நடக்காது. இந்த ஒரு கூட்டலை மட்டும் பன்னிரண்டு வருஷத்தில் யாரும் மறந்ததில்லை. எங்கள் உயிர் அந்தக் கூட்டலில்தான் இருந்தது.

போன வருஷம் ஆனி மாதம் ஏ.ஈ.க்கு மேலதிகாரியாகப் புது டி.ஈ. வந்தார். ஹிமபிந்து மேடம். முப்பது வயசுகூட இருக்காது. நல்ல பெண், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டு அவளைத் திட்டாதீர்கள். என் கடையில் பெசரட்டு தின்றுவிட்டுக் காசு கொடுத்த முதல் அதிகாரி அவள்தான். மட்டம் பார்க்கிறவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டே நம்பர் சொல்கிறார்கள் என்று பல துறைகளிலிருந்து அவளுக்குப் புகார் போயிருந்தது. அது பொய்யும் இல்லை. அதனால் எல்லாருக்கும் ஒரு செல்போன் கொடுத்தாள். இனி தூணைப் படம் பிடிக்க வேண்டும், படத்தோடு நம்பரையும் போட்டு அனுப்ப வேண்டும்.

முத்யாலு படத்தைப் பிடித்தான். எப்போதும் போல ஒன்றைக் கூட்டி நம்பரைப் போட்டான். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஏ.ஈ. சூரிபாபு படகில் வந்து இறங்கினார். வெயிலே இல்லாத நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடை பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முத்யாலுவிடம் நீட்டினார்.

"என்னய்யா முத்யாலு, இருபத்தாறு வருஷம் ஒழுங்கா இருந்துட்டு இப்பப் போய் மாட்டிக்கிட்டியே."

"ஆய்... என்னங்க இது?"

"மெமோ. பொய்க் கணக்கு அனுப்பினதுக்கு ஏன் உன்னை வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு கேட்டிருக்கு. படத்துல மூணு புள்ளி ஒண்ணு. நீ போட்டது நாலு புள்ளி ஒண்ணு. மெஷினுக்குத் தெரியுமா நம்ம சங்கதி? பதினோரு நாளுக்கும் சிவப்புக் கோடு போட்டு மேடத்துக்கு அனுப்பிடுச்சு."

"எப்பவும் கூட்டறதுதானேங்க?"

"எப்பவும் போன்ல சொன்னே. போன்ல படம் தெரிஞ்சுதா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், தூணு தப்பு, ஆளு சரின்னு நீங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சூரிபாபு பெசரட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "சிட்டெம்மா, இன்னிக்கு இஞ்சி ஜாஸ்தியா விழுந்திருக்கு."

"இஞ்சி இருக்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில்?"

"தூணு சரின்னு அன்னிக்குக் கையெழுத்துப் போட்டவரு இன்னிக்கு எங்க உக்காந்திருக்காரு தெரியுமா? எஸ்.ஈ.யா உக்காந்திருக்காரு. மேடத்துக்கும் மேல. எனக்கு ரிட்டையராக இன்னும் பதினாலு மாசம். நான் போய் அவரைப் பார்த்து, ஐயா உங்க தூணு கோணல்னு சொல்லவா? நல்லாச் சொல்றியே."

முத்யாலு மெமோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த ஆவணியில் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் வருவதாக இருந்தது. அதில் அவன் பெயர் ஒன்பதாவது. மெமோ இருக்கிறவன் பெயரை அடித்துவிடுவார்கள்.

"பயப்படாதே" என்றார் சூரிபாபு. "நான் சொல்றதை எழுது. கவனக்குறைவால் தவறான அளவு பதிந்துவிட்டேன். இனி தூணில் கண்டதைக் கண்டபடி அனுப்புவேன். மன்னிக்கவும். போதும். மேடம் நல்லவங்க, மெமோவைக் கிழிச்சுடுவாங்க."

"அப்ப அந்த ஒண்ணுங்க?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ கண்டதைப் போடு. ஆபீஸ்ல நான் கூட்டிக்கறேன்."

அந்த நேரத்தில் முத்யாலுவின் பெண்டாட்டி நூகரத்னம் பால் கேனோடு வந்துவிட்டாள். இரண்டு எருமை வைத்திருக்கிறாள், என் டீக்குப் பால் அவளுடையதுதான். அதற்குள் முத்யாலு எழுதி முடித்திருந்ததை வாங்கிப் படித்தாள்.

"என்னங்க இது, கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க? மழையிலயும் சேத்துலயும் நின்னு நின்னு கால் விரலெல்லாம் அழுகிப் போச்சே, அதுக்குப் பேரு கவனக்குறைவா?"

"லிஸ்ட் வருது ரத்னம்."

"வருது வருதுன்னு கேட்டுக் கேட்டே எனக்கு மூட்டு தேஞ்சு போச்சு. நாம கூட்டாம அவரு எங்க இருந்து கூட்டுவாராம்? ஆத்தைப் பார்க்கறது நீங்களா அவரா?"

"எம்மா, சர்க்கார்ல எல்லாரும் ஆத்தைப் பார்க்க முடியாதும்மா" என்றார் சூரிபாபு. "ஒருத்தன் பார்ப்பான், மத்தவங்க காகிதத்தைப் பார்ப்பாங்க. அப்படித்தான் நடக்கும்."

முத்யாலு கையெழுத்துப் போட்டான். மெமோ கிழிக்கப்பட்டது என்று ஒரு வாரத்தில் செய்தி வந்தது. அவன் எனக்கு ஒரு தேங்காய் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், ஆனால் உடைக்கவில்லை.

ஆடி பிறந்ததும் கடைக்குச் சாமான் வாங்க நான் அக்கரை போனேன். முத்யாலு செல்போனில் ஏதோ சரிசெய்ய ஆபீஸுக்கு வந்தான். எனக்குக் கால் வலி, ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் பெரிய டி.வி. மாதிரி ஒன்று. ஆற்றின் எல்லாத் துறைகளும் வரிசையாக, பக்கத்தில் நம்பர், பக்கத்தில் பச்சை விளக்கு. முத்யாலு அதன் முன் போய் நின்றான். வெகுநேரம் நின்றான்.

"சிட்டக்கா, இங்க பாரு. மினுமுலங்கா அஞ்சு புள்ளி ரெண்டு. காலையில நான் அனுப்பினதே அஞ்சு புள்ளி ரெண்டுதான்."

"அதுக்கென்ன?"

"ஆறு புள்ளி ரெண்டுன்னு இருக்கணும்ல. அவரு கூட்டலையே."

சூரிபாபு பக்கத்து அறையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். முத்யாலு போய்க் கேட்டான். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அது என் கிட்டயே வரலைய்யா. உன் போன்ல இருந்து நேரா ஸ்கிரீனுக்குப் போவுது, அங்க இருந்து கலெக்டர் ஆபீஸுக்குப் போவுது. நடுவுல நான் கையை எங்க வைக்கறது?"

"கூட்டிக்கறேன்னீங்களே?"

"அன்னிக்குத் தெரியாதுய்யா. எனக்கு மட்டும் இந்த மெஷின் பழக்கமா?"

முத்யாலுவுக்கு வாய் கிடையாது. எனக்கு உண்டு. அவன் முழங்கையைப் பிடித்து டி.ஈ. அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். மேடம் எங்களை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

"மேடம், எங்க தூணை... ஒரு மீட்டர் மேல நட்டிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஆளைக் கூப்பிட்டு ஃபைலைக் கொண்டுவரச் சொன்னாள். அரைமணி நேரம் தேடித் தூசியோடு கொண்டுவந்தார்கள். பக்கம் பக்கமாகப் படித்தாள்.

"இதோ, எவ்வளவு ஆழம் தோண்டினாங்கன்னு எழுதியிருக்கு. மட்டம் பார்த்து நட்டதா எழுதியிருக்கு. மூணு கையெழுத்து இருக்கு. ஃபைல் படி தூண் சரி."

"ஃபைல் படி சரிம்மா, தண்ணி படி தப்பு" என்றேன் நான்.

"அப்படியும் இருக்கலாம்." அவள் நிஜமாகவே யோசித்தாள். "சரி, நீங்க எழுத்துல கொடுங்க முத்யாலு காரு. சர்வே ஆளுங்களை வரவழைச்சு மட்டம் பார்த்துடறேன்." அவன் பெயரோடு மரியாதையாக 'காரு' சேர்த்துக் கூப்பிட்ட அதிகாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு ஏதோ தோன்றி, பேனாவை மூடினாள். "ஒண்ணு கேக்கறேன். இந்தப் பன்னிரண்டு வருஷம் தூண்ல எட்டு இருந்தப்ப நீங்க பதிவேட்டுல என்ன எழுதினீங்க?"

"ஒன்பது மேடம்."

"யாரு எழுதச் சொன்னது? ஏதாவது உத்தரவு இருக்கா?"

வாயால் வந்த உத்தரவுக்கு முத்யாலு எங்கே காகிதம் தேடுவான்?

"நீங்க எழுத்துல கொடுத்தா அதுவும் எழுத்துல வரும்" என்றாள் மெதுவாக. "பன்னிரண்டு வருஷப் பதிவும் பொய்யின்னு ஆகும். அதுல இருக்கறது உங்க கையெழுத்து மட்டும்தான். யோசிச்சுச் செய்யுங்க. நான் தடுக்கலை."

பயமுறுத்தவில்லை அவள், அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். முத்யாலு மேஜைமேல் இருந்த வெள்ளைத்தாளைப் பார்த்தான். "ஆய் மேடம்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான். படகில் வரும்போது அவனை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் இடத்தில் இருந்தால் நான் எழுதியிருப்பேனா என்று இப்போது கேட்டால், எனக்குத் தெரியாது.

மேடம் தானாகவே ஒரு கடிதம் மேலே அனுப்பினாள் என்று பிறகு தெரிந்தது. வெள்ளக் காலத்தில் துறை தண்ணீருக்குள் இருக்கும், ஆகவே மார்கழியில் மட்டம் பார்க்கப்படும் என்று பதில் வந்ததாம். நியாயமான பதில்தான். குறை சொல்ல முடியாது.

ஆடி மூன்றாம் வாரம் மேலே எங்கோ மழை கொட்டியது. ஆறு செங்கல் நிறத்தில் வந்தது. முதல் நாள் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் குஷி, கடலிலிருந்து புலச மீன் ஏறும் என்று வலையை எடுத்துக்கொண்டு திரிந்தார்கள். இரண்டாம் நாள் வைக்கோல் போர் ஒன்று முழுசாக மிதந்து போனது, அதன்மேல் ஒரு கோழி. வலையை மடித்து வைத்தார்கள். முதல் எச்சரிக்கை வந்ததும் எங்கள் படகை அக்கரையில் கட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. கட்டிவிட்டார்கள். மீன்பிடிக்கிற சின்னத் தோணி அந்த இழுப்பில் நிற்காது. இனி இரண்டாம் எச்சரிக்கையில்தான் சர்க்கார் விசைப்படகுகள் வரும். தூணில் பதினொன்று வந்தால் இரண்டாம் எச்சரிக்கை.

எங்கள் ஊரில் தண்ணீர் நிஜமாகப் பத்து மீட்டர் வந்தால் தாழ்ந்த தெருவில் நுழையும். பதினொன்றில் என் கடைக்கு வரும். பன்னிரண்டில் நிற்க இடம் இருக்காது. ஆனால் தூணில் பதினொன்று தெரியும்போது நிஜத்தில் பன்னிரண்டு.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தூண் ஒன்பதரை என்றது. தாழ்ந்த தெருவில் முழங்கால் தண்ணீர். சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். முத்யாலு என் கடையில் நின்று சூரிபாபுவுக்குப் போன் போட்டான். போனிலிருந்து அவர் குரல் எனக்கும் கேட்டது.

"நான் சொல்லிட்டேன் முத்யாலு. ரெண்டு தடவை சொல்லிட்டேன். ஒண்ணு கூட்டிக்குங்கன்னு சொன்னா அந்தக் கலெக்டர் ஆபீஸ் பொண்ணு, 'படத்துல ஒன்பதரை இருக்கு, நீங்க எதை வச்சு பத்தரைங்கறீங்க'ன்னு கேக்குது. என்ன சொல்றது? எல்லாத் துறையிலும் படகு கேக்கறாங்க. பதினொண்ணு தாண்டின ஊருக்குத்தான் முதல்ல போகுது."

"நீங்க எழுத்துல ஒரு வரி குடுத்தா..."

"அது முடியாதுய்யா. அதை மட்டும் கேக்காதே."

அடுத்து மேடத்துக்குப் போட்டான். எடுக்கவில்லை. எத்தனை துறைக்கு அவள் பதில் சொல்வாள்.

முத்யாலு போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்து மேட்டைப் பார்த்தான். முந்நூறு வீட்டு ஜனம், ஆடு, மாடு, கட்டில், டி.வி.ப் பெட்டி எல்லாம் அங்கே. பன்னிரண்டு வந்தால் அந்த மேடும் போகும். வீட்டுக்கு நடந்தான். நானும் பின்னால் போனேன். எதற்கென்று தெரியாது, போனேன்.

நூகரத்னம் எருமைகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவன் பரணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன வேணும்?"

"பெயிண்டு டப்பா."

"இந்த மழையில பெயிண்டு எதுக்கு?"

"நம்பரை மாத்தப் போறேன் ரத்னம். பத்தைப் பதினொண்ணாக்கப் போறேன்."

அவள் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. "லிஸ்ட்டு?" என்றாள்.

அவன் பரணை நோக்கிக் கையை நீட்டினான். அவள் வீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு முக்காலியைப் போட்டு, வலிக்கிற மூட்டோடு தானே ஏறி, கறுப்பு டப்பாவையும் வெள்ளை டப்பாவையும் இறக்கினாள்.

"பிரஷ் காஞ்சு குச்சியாட்டம் இருக்கு. கிரசின்ல ஊற வச்சுத் தரேன், அஞ்சு நிமிஷம் இருங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

தூணில் தண்ணீர் ஒன்பதேமுக்கால். பத்து என்கிற எழுத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு கை அகலம்தான். மழை தூறலாகக் குறைந்திருந்தது. முத்யாலு இடுப்பில் கயிற்றைக் கட்டி என் கடை வேம்பில் முடிந்துகொண்டு, படியில் மார்பு ஆழத்தில் இறங்கினான். நான் மேல் படியில் இடுப்புத் தண்ணீரில் நின்று தார்ப்பாயை அவன் தலைக்கு மேல் பிடித்தேன். துண்டால் சிமெண்டை அழுத்தி அழுத்தித் துடைத்தான். பத்தில் இருந்த பூஜ்யத்தின்மேல் வெள்ளையைப் பூசினான். காய வேண்டும். ஊதினான். பைத்தியக்காரன் மாதிரி வாயால் ஊதிக்கொண்டே இருந்தான்.

"போதும்டா தம்பி, எழுதிடு."

"ஈரத்துல எழுதினா ஒழுகும்க்கா. கோணலா இருந்தா படத்துல தெரிஞ்சுடும்."

அந்த நேரத்திலும் எழுத்து நேராக வர வேண்டும் அவனுக்கு. பத்தைப் பதினொன்றாக்கினான். பிறகு தூணில் தொற்றி ஏறிப் பதினொன்றைப் பன்னிரண்டாக்கினான். பன்னிரண்டைப் பதின்மூன்றாக்கினான். கீழே இருந்த ஒன்பது தண்ணீருக்குள் போய்விட்டது, அதை யாரும் பார்க்க முடியாது. தூண் நட்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னது.

படம் பிடித்தான். பத்து புள்ளி ஒன்பது என்று போட்டு அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் மேடமே கூப்பிட்டாள்.

"முத்யாலு காரு, ஒரு மணி நேரத்துல ஒரு மீட்டருக்கு மேல ஏறியிருக்கு. மேல எந்த மதகும் திறக்கலையே?"

"ஆய் மேடம். படம் இருக்கு மேடம்."

"படம் இருக்கு." அவளுக்குப் பின்னால் வேறு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. "தண்ணி நிஜமா அங்க இருக்கா?"

"தண்ணி நிஜம் மேடம்."

"சரி" என்று வைத்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

பன்னிரண்டு மணிப் படத்தில் பதினொன்று தாண்டியது, மூன்று மணிக்கு ஆறு விசைப்படகுகள் வந்தன. ஆறு மணிக்குள் ஊர் காலி. கடைசிப் படகில் நானும் முத்யாலுவும் ஏறும்போது பள்ளிக்கூடத்து மேட்டில் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. மனுஷ உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. எருமைகளைப் படகில் ஏற்றவில்லை. நூகரத்னத்தின் இரண்டில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

தண்ணீர் வடிந்து, சேற்றை வாரிக்கொட்டி, அடுப்பைக் கட்டி முடிப்பதற்குள் விசாரணை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு மூன்று அதிகாரிகள். பெயிண்ட் தெரிகிற படங்களைப் பெரிதாக்கி அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"தூண்ல பத்துன்னு இருந்ததைப் பதினொண்ணுன்னு மாத்தினது நீங்களா?"

"ஆய்."

"யாராவது சொல்லிச் செஞ்சீங்களா?"

"இல்லீங்க."

மேடம் ஓரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூரிபாபு லீவு. நான் எழுந்து முன்னால் போனேன். "தார்ப்பாய் பிடிச்சது நான். என் பேரையும் எழுதிக்குங்க."

"நீங்க துறை ஊழியராம்மா?"

"இல்ல. முழுகிப் போக இருந்தவ."

"அப்ப உங்க வாக்குமூலம் தேவைப்படாது."

"சரி, ஊருக்குள்ள தண்ணி வந்துச்சே. அந்தச் சுவரைப் பாருங்க, என் தலைக்கு மேல கறை இருக்கு. அதையாவது எழுதிக்குவீங்களா?"

"அது இந்த விசாரணையில வராதும்மா" என்றார் நடுவில் இருந்தவர். கெட்ட மனுஷர் இல்லை, எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார்.

அரசாங்க அளவுத்தூணைச் சேதப்படுத்தியது, பொய்யான அளவு அனுப்பியது. இரண்டு குற்றமும் நிரூபணம். முத்யாலுவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேடம் அவனுக்காக நாலு பக்கம் எழுதினாளாம். தை மாதம் அவளுக்கு மாற்றல் வந்தது. அதற்கு முன்பே மார்கழியில், சொன்னபடியே முக்காலிக் கருவியோடு சர்வே ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். உயரம் குறித்த சர்க்கார் கல் ஒன்று கரையில் இருந்ததே, அது எங்கே என்று கேட்டார்கள். அது வெள்ளத்தில் போய்விட்டது. அந்தக் கல் இல்லாமல் எதிலிருந்து அளப்பது? இன்னொரு கல்லிலிருந்து அளக்கத் தனி அனுமதி வேண்டுமாம். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் பெயிண்டர்கள் வந்தார்கள், ஃபைலின் நகலோடு. பதினொன்றை மறுபடி பத்தாக்கினார்கள்.

"தம்பி, இப்பத்தான் சரியா இருக்கு. விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"ஃபைல்ல பத்துன்னு இருக்கும்மா" என்றான் பிரஷ் பிடித்தவன். முத்யாலுவின் எழுத்தைவிட அழகாகத்தான் எழுதினான்.

போன வருஷ வெள்ளத்துக்கு எதிரே பதிவேட்டில் நம்பத்தகாதது என்று எழுதிக் கோடு போட்டுவிட்டார்கள். அதாவது, எங்கள் ஊருக்கு வெள்ளம் வரவில்லை. பொய்யாகப் படகு கேட்ட ஊர் என்பதால் ஒரு புது உத்தரவும் போட்டார்கள்: மினுமுலங்கா தூணில் பதினொன்று தாண்டி, அடுத்தடுத்து இரண்டு படத்தில் அது உறுதியானால்தான் படகு.

இப்போது மட்டம் பார்ப்பவன் யேசுபாபு. அக்கரையிலிருந்து வந்த ஒப்பந்த ஆள், நாற்பது வயசு, சொன்ன நேரத்துக்கு வருவான். முத்யாலு என் கடையில் மாவு அரைத்துக் கொடுக்கிறான். நூகரத்னம் ஒரு எருமைப் பாலை ஊற்றிவிட்டுப் போகிறாள். பட்டியலைப் பற்றி அவள் ஒருநாள்கூடப் பேசியதில்லை.

இந்த ஆடியில் ஆறு மூன்று நாளாகச் சிவப்பாக வருகிறது. நேற்றே படகை அக்கரையில் கட்டிவிட்டார்கள். காலையில் முத்யாலு தெருத் தெருவாகப் போய், "பத்தே முக்கால், மேட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். எல்லாரும் போய்விட்டார்கள். மேட்டுக்கு அப்புறம் எங்கே போவது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு யேசுபாபு ரெயின்கோட்டு போட்டுக்கொண்டு படம் பிடிக்க வந்தான். தண்ணீர் தூணில் பத்தைத் தொட்டிருந்தது. கடைக்குள் எங்கள் மூன்று பேருக்கும் கணுக்கால் நனைந்தது.

"பதினொண்ணுப்பா" என்றான் முத்யாலு.

"தெரியும் மாமா. ஊரே சொல்லுது. ஆனா தூண்ல பத்துதானே இருக்கு? நான் கண்டதைக் கண்டபடி அனுப்பறேன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கேன்."

"ஆய்" என்றான் முத்யாலு. அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

யேசுபாபு படத்தை அனுப்பினான். உடனே போனில் பச்சை விளக்கு வந்தது. 'அளவு சரியாக உள்ளது, நன்றி' என்று அதில் எழுதியிருந்ததை எங்களுக்குப் படித்துக் காட்டினான். நான் அடுப்பை அணைத்தேன். அடுத்த படம் பன்னிரண்டு மணிக்கு.